ஆடி மாதத்துப் பக்கங்கள்

“வேணி, அவரு என்னை அடிச்ச நாளெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கா?”

கலைமதி அக்கா இதைக் கேட்டது சத்திரம் பஸ் ஸ்டாண்டில், முசிறி பஸ் நிற்கும் இடத்தில். ஒரு திங்கட்கிழமை. கொக்கி கட்டி முடித்த ஜாக்கெட்டுகளைத் தையல் கடையில் கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அக்கா. இரண்டு வருடம் ஆகியிருந்தது பார்த்து. ஒரு கையில் பிளாஸ்டிக் ஃபைல், இன்னொரு கையில் பாப்பா. பாப்பாவுக்கு மூன்றரை வயது. என் துணிப்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

“எதுக்குக்கா?” என்றேன்.

“வக்கீல் கேக்குறாரு. அடிச்சாரு அடிச்சாருன்னு சொன்னா போதாதாம். என்னைக்கு, எத்தனை மணிக்கு, அதெல்லாம் வேணுமாம். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா சீட்டு இருக்கும். எங்க போனேன்? மஞ்சப் பத்து போட்டுக்கிட்டுப் படுத்தேன். அந்த வருஷமே எனக்குத் தலைகீழா கெடக்கு.”

அக்கா என்னை விடவில்லை.

“நீ பக்கத்து வீட்டுலயேதான இருந்த. ஸ்கூலுக்கும் போகல, எங்கயும் போகல. சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஹெம்மிங் பண்ணிக்கிட்டே இருந்த. ஒரே ஒரு நாளாவது சரியா வேணும். நான் அப்ப ஏழு மாசம். ஆடிப்பெருக்குக்குப் புது மஞ்சக்கயிறு மாத்தி ரெண்டு நாளோ நாலு நாளோதான் இருக்கும். அதைப் புடிச்சு இழுத்து அறுத்தாரு பாரு, அந்த நாள். அது என்னைக்குன்னு தெரிஞ்சா போதும், பாப்பா என்கிட்டயே இருக்கிற மாதிரி பாத்துக்குறேன்னு வக்கீல் சொல்றாரு.”

“ரஞ்சித் அண்ணன் பாப்பாவைக் கேக்குறாங்களா?”

“கேக்குறாரு. நான் எல்லாத்தையும் இட்டுக்கட்டிச் சொல்றேன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காரு. தேதி தப்பா சொல்லிடக் கூடாது வேணி. துவாக்குடி பட்டறையில அவருக்கு பஞ்ச் கார்டு இருக்கு. நான் சொல்ற அன்னைக்கு ஷிஃப்ட்ல இருந்தேன்னு எடுத்துக் காட்டிட்டா, நான் சொன்ன மொத்தமும் பொய்யாயிடும்.”

முசிறி பஸ் நகர ஆரம்பித்தது. அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். “வெள்ளிக்கிழமை குடுக்கணும்டி. யோசிச்சுப் பாரு” என்று படியில் நின்றபடி சொன்னாள்.

யோசித்துப் பார்க்க என்ன இருக்கிறது. எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லவில்லை. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் நாற்பத்து மூன்று நோட்டுகள் இருக்கின்றன. துணிக்கடையில் கொடுக்கிற கட்டைப்பைகள் நான்கில் அடுக்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன். மேலே ஜாக்கெட் வெட்டிய மிச்சத் துண்டுகளைத் திணித்து வைத்திருப்பதால் அம்மா அவற்றைத் துணிப்பை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். கொரோனாவில் பாடம் போனில் நடந்தது. எங்கள் வீட்டுப் போன் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது, எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. போகவில்லை. அந்த வருடத்துக்கு வாங்கிய ஆறு நோட்டு காலியாகக் கிடந்தது. எழுத ஆரம்பித்தேன்.

என்னவெல்லாமோ எழுதினேன். குழாயில் தண்ணீர் வந்த நேரம், பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டது, அம்மா தூக்கத்தில் சொன்னது, யார் வீட்டில் யார் வந்தார்கள், எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன சத்தம். எழுதுவது சுலபம். எழுதியதைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் ஆளைக் கொல்கிறது. முதல் வருடம் தேதி வரிசை போதும் என்றிருந்தேன். எட்டாவது நோட்டுக்கு வந்தபோது, முதல் நோட்டில் இருப்பது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. விஷயவாரியாகப் பிரிக்கலாம் என்று பக்கங்களைக் கிழித்து, பசை போட்டு ஒட்டினேன். அதில் எந்தப் பக்கம் எந்தத் தேதி என்பது போய்விட்டது. இரண்டு நோட்டு அப்படி நாசமானது. பிறகு பக்க எண் போட்டேன். கடைசியில் ஒரு பச்சை அட்டை நோட்டு வாங்கி, அதற்குத் தாய் நோட்டு என்று பெயர் வைத்தேன். அதில் தலைப்பு மட்டும் இருக்கும்: தண்ணீர், பஸ், கனவு, சண்டை, டிவி, அடி. ஒவ்வொரு தலைப்புக்கு எதிரேயும் நோட்டு எண், பக்க எண். வருடா வருடம் தை மாதம் அம்மா வேலைக்குப் போன பிறகு எல்லாவற்றையும் தரையில் பரப்பி, தாய் நோட்டைப் புதிதாக எழுதுவேன். எழுதி முடித்த அன்றே ஒரு தலைப்பு சரியில்லை என்று தோன்றும். கை அரித்துக்கொண்டே இருக்கும். இன்னும் ஒரு விதம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றவே இல்லை. ஆட்களின் பெயரை எழுதுவதில்லை. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள் என்ற பயம். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற எங்கள் காம்பவுண்டில் வரிசையாக ஏழு வீடு. பெயரைவிட வீட்டு எண்ணைச் சொல்லித்தான் அதிகம் பேசுவார்கள். மூணாம் வீடு தண்ணி புடிச்சாச்சா, ஆறாம் வீட்டுக்குத் தபால் வந்திருக்கு, இப்படித்தான். நானும் வீட்டு எண்ணையே எழுதினேன். நாங்கள் நாலாம் வீடு. இடது சுவருக்குப் பின்னால் 3, வலது சுவருக்குப் பின்னால் 5.

கலைமதி அக்கா முதலில் மூன்றாம் வீட்டில் இருந்தாள். பிரேமலதா அக்கா ஐந்தில். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆவணியில் இரண்டு குடும்பமும் வீடு மாற்றிக்கொண்டார்கள். அந்தத் தேதியைத் தாய் நோட்டில் சிவப்பில் எழுதியிருக்கிறேன்: ஆவணி நான்கு, வெள்ளி, பால் காய்ச்சினார்கள், 3 – 5 மாற்றம். அதற்கு முன்னால் 3 என்றால் கலைமதி அக்கா. அதற்குப் பின்னால் 5 என்றால் கலைமதி அக்கா. இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அன்று மாலையே தாய் நோட்டை எடுத்துவிட்டேன். அடி என்ற தலைப்பின் கீழ் முப்பத்தாறு இடம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வெள்ளைத் தாளில் எழுதினேன். எல்லா வரியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ‘3. 7.40. டிவி சத்தம் கூடியது. சுவர் அதிர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.’ அக்கா கத்த மாட்டாள். அண்ணனும் குரல் உயர்த்த மாட்டார். டிவியைத்தான் உயர்த்துவார். முதலில் எனக்கே அது என்னவென்று தெரியவில்லை. ஒருநாள் காலை குழாயடியில் அக்காவின் உதடு தடித்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த வரிகளை அடி என்ற தலைப்பின் கீழ் கொண்டுவந்தேன்.

ஆடி மாதத்தில் மூன்றாம் வீட்டுக்கு நான்கு தேதி கிடைத்தது. ஜூலை பத்தொன்பது, இருபத்தெட்டு, ஆகஸ்ட் ஐந்து, பதினொன்று. ஆடிப்பெருக்கு அந்த வருடம் ஆகஸ்ட் மூன்று. அப்படியானால் கயிறு அறுந்தது ஐந்தாம் தேதி. வியாழக்கிழமை, ஏழு ஐம்பது. அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். நான் எழுதி வைத்த ஏதோ ஒன்று ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்பது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை அம்மா துவாக்குடியிலிருந்து வந்து, காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மாணவர்கள் தங்குகிற ஒரு மெஸ்ஸில் அவளுக்குச் சமையல் வேலை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டேன்.

“அம்மா, மூணாம் வீடும் அஞ்சாம் வீடும் எப்ப மாறுச்சு?”

“எதுக்குடி இப்ப?”

“சும்மாதான்.”

“நீ சும்மா வாயத் தொறக்கிறவளா? ஆவணியில. பிரேமா பால் காய்ச்சி சொம்புல கொண்டாந்து குடுத்தாளே. சர்க்கரை தூக்கலா.”

அப்பாடா என்றிருந்தது. அம்மா விடாமல், “பாவம், அவளும் ஒரு மாசம் அந்த ஒழுகுற வீட்டுல கெடந்தா” என்றாள்.

“எந்த வீட்டுல?”

“மூணாம் வீட்டுலதான். மேல தண்ணித்தொட்டி விரிஞ்சு ஒழுகி, காரை பேந்து கட்டில் மேல விழுந்துச்சுல்ல? கலைமதி வயித்துல பிள்ளையோட இருந்தா. பிரேமாதான் சொன்னா, நீ எங்க வீட்டுல வந்து படுடி, எங்களுக்கென்ன, ரெண்டு பேரு எங்க வேணாலும் சுருண்டுக்குவோம்னு. ஆடியில குடி மாறக் கூடாதுன்னு சாமானெல்லாம் அங்கங்கயே கெடந்துச்சு. அவங்கவங்க வீட்டுல விளக்கேத்திட்டு, அப்புறம் ஆளுங்க மட்டும் மாறிக்குவாங்க. ஆவணி பொறந்துதான் பால் காய்ச்சி சாமானை மாத்தினது. உனக்குத் தெரியாதா என்ன? நீதான பாயைத் தூக்கிக் குடுத்த.”

எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“காரை விழுந்தது என்னைக்கும்மா?”

“ஆடியில ஒரு நாள். அதையெல்லாம் யாரு கணக்கு வச்சிருக்கா? கலெக்டர் ஆபீஸுக்கா எழுதப் போற?”

பாய் தூக்கிக் கொடுத்தது நினைவிருக்கிறது. கோரைப் பாய், ஓரத்தில் சிவப்பு. அன்று அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; அதனால் எழுதவில்லை. அப்போது எனக்குத் தெரிந்தது பின்னால் எனக்கே தெரியாமல் போகும் என்று நினைக்கவில்லை. பால் காய்ச்சிய நாளை எழுதினேன், ஏனென்றால் அது ஒரு விசேஷம். ஆட்கள் மாறிப் படுத்த நாளை எழுதவில்லை. ஆடியில் குடி மாறக் கூடாது, அதனால் யாரும் மாறவில்லை, அவ்வளவுதான்.

அம்மா தூங்கும்வரை காத்திருக்க முடியவில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று அவள் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, மூணாம் வீட்டுல காரை விழுந்து நீங்க அஞ்சுல போய்ப் படுத்தீங்களே, அது என்னைக்கு?”

“அதுக்கும் இதுக்கும் என்னடி?”

“சும்மா கேட்டேன்.”

“அதெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா கெடக்கு. தேதி ஞாபகம் இருந்தா உன்னை ஏன் கேக்குறேன்? எதாவது ஞாபகம் வந்துச்சா?”

“வரும்க்கா” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான், தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி, இன்னொன்று எனக்குப் புரிந்தது. காரை விழுந்த பிறகு இடது சுவருக்குப் பின்னால் இருந்தது கலைமதி அக்கா இல்லை. அப்படியானால் சுவர் அதிர்ந்தது யாருக்கு?

வீட்டுக்கு வந்து தாய் நோட்டில் டிவி என்ற தலைப்பைப் பார்த்தேன். பிரேமலதா அக்கா வீட்டுச் சத்தத்தையெல்லாம் அதன் கீழ்தான் போட்டிருந்தேன். முப்பத்தொரு இடம். அவள் கணவர் சுரேஷ்குமார் அண்ணன். காம்பவுண்டில் மோட்டார் ஓடாவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவோம். எந்த வீட்டுக்கும் சிலிண்டர் தூக்கிவந்து கொடுப்பார். கிரிக்கெட் பார்க்கிறவர். அதனால் அவர் வீட்டில் டிவி சத்தம் என்றால் கிரிக்கெட். ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்தேன். ‘5. 8.10. டிவி சத்தம் கூடியது. ஏதோ விழுந்தது.’ ‘3. 7.30. டிவி சத்தம். பிறகு ஒன்றுமில்லை.’ அதே வரிகள். என் கையால், ஒரே பேனாவால் எழுதிய அதே வரிகள். ஒரு வீட்டுக்கு அடி என்று வைத்தேன், இன்னொரு வீட்டுக்கு டிவி என்று வைத்தேன்.

அதில் ஒன்று ஆகஸ்ட் ஏழு. ஐந்தாம் வீடு. ஏழு இருபது. டிவி சத்தம், பாத்திரம் உருண்டது.

ஐந்தாம் தேதியா, ஏழாம் தேதியா? காரை விழுந்தது அதற்கு முன்னாலா, பின்னாலா? ஐந்தாம் தேதிக்கு முன்பே மாறியிருந்தால் ஏழுதான் கலைமதி அக்காவின் நாள். மாறியிருக்காவிட்டால் ஐந்து. இரண்டு நாள்தான் வித்தியாசம். ஒரு நாளில் ரஞ்சித் அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறார். மற்ற நாளில் பட்டறையில் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை முழுக்க நிலையாக உட்கார முடியவில்லை. நாற்பத்து மூன்று நோட்டையும் தரையில் கொட்டி, அந்த மாதத்துத் தண்ணீர், கனவு, பஸ் எல்லாவற்றையும் படித்தேன். ஒரு வரியாவது காரை என்று, தொட்டி என்று இருக்காதா? இல்லை. மல்லிகைப்பூ விலை இருக்கிறது. ஆறாம் வீட்டுப் பூனை குட்டி போட்டது இருக்கிறது. நோட்டுகளைத் திரும்ப வேறு வரிசையில் அடுக்கினேன். அதை உடனே கலைத்தேன். அம்மா மண்டபத்துப் படித்துறை வரை நடந்து போய், தண்ணீரைப் பார்க்காமலேயே திரும்பினேன். கொக்கி கட்ட உட்கார்ந்தேன். மாலையில் கடைக்குக் கொண்டுபோனால், தையல்கார இருசம்மாள் அக்கா ஒரு ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தாள்.

“ரெண்டு பக்கமும் கொக்கியா வச்சிருக்க. இதைப் போட்டுக்கிறவ எதுல மாட்டுவா, புருஷன் சட்டையிலயா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பிரித்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேசாமல் ஆடி மாதத்தை விட்டுவிட்டு மற்ற தேதிகளைக் கொடுத்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஆனால் அக்கா கேட்டது அந்த ஒரு நாளை. ஏதோ ஒன்றைச் சொல்லிவிடலாம், பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். பாதிக்குப் பாதி பாப்பாவும் போய்விடும். சரியான பதில் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் இடது சுவருக்குப் பின்னால் இருக்கிறாள். அவளிடம் கேட்க வேண்டுமானால், எனக்கு எல்லாம் கேட்டது என்று சொல்ல வேண்டும். கேட்டதை எழுதி வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு பிரேமலதா அக்கா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சுரேஷ்குமார் அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். நான் எங்கள் வாசலில் நின்று, “அக்கா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

“அடியே, நீயா கூப்பிட்ட? காம்பவுண்டுல வேற வேணி குடிவந்திருக்காளோன்னு பாத்தேன்.” வாளியை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, கையை நைட்டியில் துடைத்தபடி உள்ளே வந்தாள். “என்ன, மாப்பிள்ளை போட்டோவா? காட்டு, நான் பாத்து சொல்றேன். மீசை இருந்தா வேணாம்.”

“இல்லக்கா.”

“அப்ப என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?”

“கலைமதி அக்காவைப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல.”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பாயில் உட்கார்ந்தாள். “எப்படி இருக்கா? பிள்ளை வளந்துடுச்சா?”

“ரஞ்சித் அண்ணன் பாப்பாவைக் கேக்குறாங்களாம். கயிறு அறுந்த அன்னைக்கு என்ன தேதின்னு வக்கீல் கேக்குறாராம். நாளைக்கே சொல்லணும்.”

“ஆமா, அறுத்தான். மறுநாள் நான்தான் கடையில வாங்கியாந்து முடிஞ்சுவிட்டேன். கழுத்தெல்லாம் கோடா செவந்து கெடந்துச்சு.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “தேதி யாருக்குத் தெரியும்? நாலு வருஷமாச்சு.”

“நீங்க அப்ப மூணாம் வீட்டுல படுக்க வந்தாச்சா?”

“ஆவணியிலதான வந்தோம்.”

“பால் காய்ச்சினது ஆவணி. படுக்க மாறினது?”

அவள் என்னைப் பார்த்தாள். “அது எதுக்கு உனக்கு?”

என்னால் அதற்கு மேல் வாயால் சொல்ல முடியவில்லை. தாய் நோட்டையும், அந்த ஆடி மாதத்து நோட்டையும், ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஆடிப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். “3ன்னா இந்தச் சுவரு. 5ன்னா அந்தச் சுவரு” என்று மட்டும் சொன்னேன்.

அவள் குனிந்து படித்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு சொல்லாக. ஈரக்கை பட்ட இடத்தில் மை லேசாகக் கலைந்தது. ஜூலை பத்தொன்பது. இருபத்தெட்டு. அங்கே விரல் நின்றது. பக்கத்தைப் புரட்டினாள். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

“இதெல்லாம் நீ எழுதினியா?”

தலையாட்டினேன்.

“உங்கம்மா பாத்தாங்களா?”

“யாரும் பாக்கலக்கா. யார் பேரும் இல்ல.”

“பேரு இல்ல” என்றாள். சிரிப்பது போல ஒரு மூச்சு விட்டாள். வெளியே குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தச் சுவரைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

“எனக்குத் தெரியாதுக்கா அப்ப” என்றேன். “கிரிக்கெட்டுன்னு நெனச்சேன்.”

அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். ஜூலை பத்தொன்பதைத் தாண்டினாள். இருபத்தெட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். சின்னப் புள்ளி. ஆகஸ்ட் ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பதினொன்றுக்கு ஒரு புள்ளி. ஏழாம் தேதி, ஐந்தாம் வீடு என்ற வரிக்கு வந்தபோது புள்ளி வைக்கவில்லை. அதன் கீழே ஒரு கோடு இழுத்தாள். கடைசிவரை, பாத்திரம் உருண்டது என்ற சொல் முடியும்வரை இழுத்தாள்.

ஏழாம் தேதி. சனிக்கிழமை. கலைமதி அக்காவின் நாள் அதுதான்.

நான் அவ்வளவுதான் கேட்டேன். அவள் நிறுத்தவில்லை. தாய் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். டிவி என்ற தலைப்பைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொரு எண்ணாகக் காட்டினாள். நான் பைகளைத் தரையில் கவிழ்த்து, துணித்துண்டுகளுக்கு நடுவிலிருந்து நோட்டுகளை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து கொடுத்தேன். ஐந்தாவது நோட்டு. ஒன்பதாவது. பதினேழு. போன தை மாதத்து நோட்டு. போன மாதத்து நோட்டு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாய் முழுக்க நோட்டாக ஆனது. அவள் அவசரப்படவில்லை. படித்தாள், யோசித்தாள், புள்ளி வைத்தாள். சில இடத்தில் யோசிக்கவும் இல்லை. இரண்டு தேதியை மட்டும் புள்ளி வைக்காமல் விட்டாள். அவை உண்மையிலேயே கிரிக்கெட்டாக இருந்திருக்கும்.

கடைசிப் பக்கத்தை முடித்ததும் பேனாவை மூடினாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். ஏன்டி எழுதின என்று கேட்பாள், கிழித்துப் போடு என்பாள், யாரிடமும் காட்டாதே என்பாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் சமமாகத் தட்டி, என் பக்கம் தள்ளினாள். கையை ஊன்றி எழுந்தாள். நைட்டியில் ஒட்டியிருந்த துணித்துண்டு ஒன்றைத் தட்டிவிட்டாள். வாசலில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.